முதுகிலிருந்து வந்தது

சாவோ பாவ்லோ
9 மார்ச் 1997

என் டொரலீஸ் அக்காவுக்கு,

உன் ஆசியைக் கேட்டு இவனில்டே எழுதுகிறேன். நீயும் அமதேவு அத்தானும் சுகம்தானே? அத்தானின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? நான் நலம். இதைச் சும்மா எழுதவில்லை அக்கா, நிஜமாகவே நலம்.

போனில் நான் சொன்னது உனக்குப் பாதிதான் கேட்டிருக்கும். அதனால் எழுதுகிறேன். புற்றுநோய்க்கு மார்பை எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்த இடம் ஆறாமல் கிடந்ததே, போன வருடம் தொடைத் தோலை எடுத்து ஒட்டினார்களே, அதையெல்லாம் இப்போது அகற்றிவிட்டார்கள். முதுகிலிருந்து ஒரு துண்டுச் சதையை, மேல் தோலோடு, அக்குளுக்கு அடியில் வழி செய்து முன்பக்கம் கொண்டுவந்து மார்பாக வைத்திருக்கிறார்கள். தனியாக வெட்டி எடுக்கவில்லை, ரத்தக்குழாயோடு அப்படியே திருப்பிவிட்டார்கள். "ரயில தண்டவாளம் மாத்தி விடுற மாதிரிதாம்மா" என்றார் டாக்டர் எய்ட்டோர். அவர்தான் அறுவை சிகிச்சை செய்தவர். நிறையப் பேசுகிறவர் இல்லை.

இது ஓர் ஆராய்ச்சி. மனநோய் இருந்த பெண்ணுக்கு மார்பு திரும்ப அமைத்துத் தர எந்த ஆஸ்பத்திரியும் முன்வருவதில்லை. பின்னால் தாங்கமாட்டார்கள், தொந்தரவு செய்வார்கள் என்று ஒரு பேச்சு. அது உண்மையா என்று பார்க்கத்தான் மனநல டாக்டர் சொலாஞ்சி இதை நடத்துகிறார். எங்களில் பாதிப் பேர் என்னைப் போல மாத்திரையில் இருப்பவர்கள், மீதிப் பேருக்கு அப்படி ஒன்றும் இல்லை. மாதாமாதம் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள். நாங்கள் நன்றாக இருந்து காட்டினால்தான் எங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் இது கிடைக்குமாம். இத்தனை காலம் எல்லா வாசலிலும் என்னை நிறுத்திவைத்த நோய் இந்த ஒரு வாசலில் உள்ளே விட்டிருக்கிறது, சிரிப்பாக இல்லையா?

அடுத்த மாதம் மறுபடி பஸ்ஸில் டிக்கெட் கொடுக்கிற வேலைக்குப் போகலாம் என்றிருக்கிறார்கள்.

நசரே மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

உன் இவனில்டே


பெலேம்
27 மார்ச் 1997

அன்புத் தங்கைக்கு,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். கடிதம் வந்தபோது பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தேன். ஈரக் கையோடு பிரித்ததில் ஓரத்து எழுத்தெல்லாம் கரைந்துவிட்டது. ஆனாலும் முழுவதும் படித்தேன். இரண்டு முறை படித்தேன்.

அமதேவுக்கு முழங்கால் அப்படியேதான். படகில் ஏறும்போது மட்டும் முனகுகிறார், மீன் சாப்பிட உட்காரும்போது வலிப்பதில்லை.

முதுகுச் சதை மார்புக்கு வருமென்றால் யார் நம்புவார்கள்? எனக்கு வெட்கமாக இருந்தாலும் கேட்கிறேன், கண்ணாடியில் பார்த்தால் எப்படி இருக்கிறது? முதுகு வலிக்கிறதா? குனிந்து துணி துவைக்காதே.

லித்தியம் மாத்திரையை விடாமல் போடுகிறாயா? ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாள் என்று சலித்துக்கொள்வாய். கேட்காமல் எனக்கு இருக்க முடியவில்லை. ஆற்றங்கரையில் அன்று என்ன நடந்தது என்பது உனக்கு நினைவில்லை என்று நீ சொல்வாய். எனக்கு இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா டொரலீஸ்


சாவோ பாவ்லோ
4 மே 1997

என் அக்காவுக்கு,

ஆசி கொடு. நலமா? நான் நலம், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், நீ யாரிடமும் சொல்லக்கூடாது, அத்தானிடமும்.

அது துள்ளுகிறது அக்கா. புது மார்பு. தானாகத் துள்ளுகிறது. முதல் தடவை பஸ்ஸில்தான். ஒருவர் சில்லறை கேட்டார், கையை நீட்டிக் கொடுத்துவிட்டு இழுத்துக்கொண்டேன். சட்டைக்குள் ஒரு மீன் புரண்டது போல இருந்தது. நான் குனிந்து பார்த்தேன், அந்த ஆளும் பார்த்தார். அதற்குப் பிறகு தினமும் இப்படித்தான். நான் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கிறது. வேலை செய்தால் அதுவும் வேலை செய்கிறது. இன்னொன்றும் உண்டு. குளிக்கும்போது முன்னால் சோப்புப் போட்டால் முதுகில் யாரோ தொடுவது போல இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை, எப்படி இருப்பார்கள், நான் தனியாகத்தானே இருக்கிறேன்.

டாக்டர் சொலாஞ்சியின் கேள்விகளில் ஒன்று இது: உங்கள் உடம்பின் ஏதாவது ஒரு பகுதி உங்கள் விருப்பமில்லாமல் தானாக இயங்குவது போலத் தோன்றுகிறதா? நான் இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? ஆம் என்றால் எனக்கு மட்டுமா கெடுதல்? மாத்திரை சாப்பிடுகிற அத்தனை பேருக்கும் சேர்த்து நான் கதவைச் சாத்தியதாக ஆகிவிடாதா?

தூக்கம் குறைவுதான், ஆனால் களைப்பே இல்லை, சமையலறைச் சுவருக்கு மஞ்சள் வண்ணம் அடித்துவிட்டேன், மிக நன்றாக வந்திருக்கிறது. ரேடியோவைக் கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன், அவளுக்குப் பாட்டு பிடிக்கும், எனக்கு இப்போது சத்தம் வேண்டாம், இந்தத் துள்ளலைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. அது என்னுடையதா, இல்லை முதுகுடையதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ என்ன நினைக்கிறாய்?

மாத்திரை போடுகிறேன். போடுகிறேன்.

உன் இவனில்டே


பெலேம்
19 மே 1997

அன்புத் தங்கைக்கு,

மாதா உனக்குத் துணை. இங்கே எல்லோரும் நலம். மழை வழக்கம்போல மத்தியானம் வந்து போகிறது. பிள்ளைகளுக்கு இந்த வாரம் மீன் கஞ்சி வைத்தோம், ஒரு பானை போதவில்லை.

நீ எழுதியதைப் படித்தேன். பயப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு, நேரத்துக்குப் படு. இனி எதையும் யாருக்கும் கொடுத்துவிடாதே. டாக்டர் கேட்டால் உண்மையைச் சொல்.

மஞ்சள் நல்ல நிறம்.

அக்கா டொரலீஸ்


பெலேம்
19 மே 1997

மதிப்பிற்குரிய டாக்டர் சொலாஞ்சி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஆராய்ச்சியில் இருக்கும் இவனில்டேயின் மூத்த சகோதரி எழுதுகிறேன். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். எனக்கு அதிகம் எழுதத் தெரியாது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தங்கைக்கு மறுபடி வந்துவிட்டது என்று நினைக்கிறேன். தைத்துக் கொடுத்த மார்பு தானாகத் துள்ளுகிறது என்கிறாள். முன்னால் தொட்டால் பின்னால் யாரோ தொடுகிறார்கள் என்கிறாள். தூங்குவதில்லை. வீட்டுச் சாமான்களைக் கொடுக்கத் தொடங்கியிருக்கிறாள். சில வருடங்களுக்கு முன்னாலும் இப்படித்தான் ஆரம்பித்தது. கட்டிலைக் கொடுத்தாள், பாத்திரங்களைக் கொடுத்தாள், கடைசியில் மாதா கூப்பிடுகிறாள் என்று ஆற்றில் இறங்கினாள். நாங்கள் பார்த்ததால் பிழைத்தாள்.

தங்களிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறாள். பயத்தில் சொன்னது. கோபிக்க வேண்டாம். நான் எழுதியதை அவளிடம் சொல்ல வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
டொரலீஸ்


பெலேம்
30 ஜூன் 1997

அன்புத் தங்கைக்கு,

கடவுள் உன்னோடு இருக்கட்டும். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால் தாமதமோ என்று அமதேவு சொல்கிறார். புனித யோவான் திருவிழாவுக்குப் பள்ளியில் சோளப் பணியாரம் செய்தோம். உனக்குப் பிடித்தது.

இரண்டு வரி எழுது. நலம் என்று மட்டும் எழுதினாலும் போதும்.

அக்கா டொரலீஸ்


பெலேம்
10 ஆகஸ்ட் 1997

இவனில்டே,

கீழ்வீட்டுக்காரிக்குப் போன் செய்தேன். ஆஸ்பத்திரியில் இருந்தாய், இப்போது வந்துவிட்டாய், ஆனால் கூப்பிட்டால் போனுக்கு வரமாட்டேன் என்கிறாய் என்றாள். பின்னால் உன் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

எதற்காக ஆஸ்பத்திரி என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது? எழுது.

அக்கா


சாவோ பாவ்லோ
2 செப்டம்பர் 1997

டொரலீஸுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமென்று நம்புகிறேன்.

உன் கடிதத்தை நான் பார்த்தேன். எனக்கு எழுதியதை அல்ல, மற்றதை. டாக்டர் சொலாஞ்சி மேசைமேல் வைத்துக்கொண்டுதான் பேசினார். உன் கையெழுத்தைத் தலைகீழாகப் பார்த்தாலும் எனக்குத் தெரியாதா? 'கைகூப்பி' என்று எழுதியிருந்தாய்.

அன்றைக்கே மனநலப் பிரிவில் சேர்த்துவிட்டார்கள். மாத்திரையைக் கூட்டினார்கள். வாய் உலர்ந்து, கை நடுங்கி, கரண்டியைப் பிடிக்க முடியாமல் இருந்தேன். துள்ளுகிறதா என்று தினமும் கேட்டார்கள். கையை அசைக்காமல் படுத்திருந்தால் துள்ளாது என்று கண்டுபிடித்தேன். அப்படியே படுத்திருந்தேன். "குறைஞ்சிருக்கு" என்று சொன்னேன். மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டார்கள். எனக்கும் அப்படித்தானோ என்று தோன்றிவிட்டது அக்கா. அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது.

வெளியே வந்த பிறகு ஆகஸ்ட் மாதம் காயத்தைக் காட்டப் போனேன். அந்தப் பிரிவின் கதவு கனமானது, இழுத்துத்தான் திறக்க வேண்டும். எனக்கு முன்னால் குஸ்தோதியா என்றொரு அம்மாள் திறந்தாள். ஆராய்ச்சியில் மாத்திரை இல்லாத பாதியைச் சேர்ந்தவள், பிரார்த்தனைக் கூடத்தில் பாடுகிறவள். கதவை இழுத்தபோது அவள் ரவிக்கைக்குள் அது துள்ளியது. என் கண்ணால் பார்த்தேன். மறுபடியும் மாத்திரை போதவில்லையோ என்று பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அவளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கும் முதுகுலேருந்துதான் எடுத்தாங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா."

"அது... சும்மா இருக்குதா?"

அவள் சுற்றிலும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தி, "அல்லேலூயான்னு கையத் தூக்கி இறக்குறப்பல்லாம் துள்ளுதும்மா. பிசாசுன்னு நெனச்சுப் பாஸ்டர்கிட்ட ஜெபம் பண்ணச் சொன்னேன். எங்கன்னு மட்டும் சொல்லல" என்றாள்.

எதிர் பெஞ்சில் இருந்த ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு அழ ஆரம்பித்தாள். அவளுக்கும் இருக்கிறதாம். புருஷன் கேலி செய்வான் என்று இத்தனை மாதம் துண்டைப் போர்த்திக்கொண்டு ரொட்டி மாவு பிசைகிறாளாம். மூன்று பேரும் ஒன்றாக டாக்டர் எய்ட்டோரின் அறைக்குள் போனோம். நர்ஸ் ஒவ்வொருத்தராக வரச் சொன்னாள், நாங்கள் கேட்கவில்லை.

அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. "அது துள்ளத்தாம்மா செய்யும். கைய இழுக்குறப்போ சுருங்குறதுதான் அந்தத் தசையோட வேலை. நரம்போடதான் கொண்டாந்து வச்சிருக்கேன். எடம் மாறினது அதுக்கு எப்படித் தெரியும்? தொட்டா முதுகுல தெரியறதும் அதனாலதான்" என்றார்.

"எங்ககிட்ட ஏன் டாக்டர் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அவருக்கு அது ஒரு விஷயமே இல்லை. எல்லா அறுவை சிகிச்சை டாக்டருக்கும் தெரிந்ததாம். இரண்டு மாடி மேலே இருக்கும் சொலாஞ்சிக்குத் தெரியாது. அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. நடுவில் நான் படுத்திருந்தேன்.

சொலாஞ்சியிடம் குஸ்தோதியாவையும் அழைத்துக்கொண்டு போனேன். கதவை இழுத்துக் காட்டச் சொன்னேன். அவர் தன் கையை வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டு, வைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனால் இதையும் சொன்னார்: "துள்ளினது நெஜம், அது சதை. நீங்க தூங்காம இருந்ததும் நெஜம், இவனில்டே. அது நோய். ரெண்டும் ஒண்ணா வந்திருக்கு."

அப்படியா? துள்ளலுக்குப் பயந்து தூக்கம் போனதா, தூக்கம் போனதால் பயந்தேனா? அவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. மஞ்சள் சுவர் மட்டும் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது.

இவனில்டே


பெலேம்
21 செப்டம்பர் 1997

இவனில்டே,

நீ ஆசி கேட்கவில்லை. இருந்தாலும் தருகிறேன், வாங்கிக்கொள்.

உன் கடிதத்தை அமதேவிடம் படித்துக் காட்டினேன். அவர் துடுப்பை எடுத்துவைத்துக்கொண்டு, கையை இழுத்து இழுத்து, என்னைத் தன் முதுகில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். அக்குளுக்குக் கீழே அது சுருங்குகிறது, விடுகிறது. நான் இத்தனை வருடம் அந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்திருக்கிறேன். கவனித்ததில்லை.

நான் எழுதியது தப்பா என்று பல நாளாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை. நீ தூங்கவில்லை. ரேடியோவைக் கொடுத்தாய். ஆற்றில் உன் தலைமுடியைப் பிடித்து இழுத்தது இந்தக் கை. அது பயந்து எழுதிவிட்டது. மறுபடி அப்படி ஒரு கடிதம் உன்னிடமிருந்து வந்தால் என்ன செய்வேன் என்று கேட்டால், எனக்குத் தெரியாது.

ஆனால் உனக்குத் தெரியாமல் எழுதியது தப்பு. அன்றைக்கே மஞ்சள் நல்ல நிறம் என்று உனக்கு எழுதினேனே, அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உடம்பு எப்படி இருக்கிறது? கை நடுக்கம் நின்றதா?

டொரலீஸ்


சாவோ பாவ்லோ
8 அக்டோபர் 1997

அக்காவுக்கு,

ஆசி. நடுக்கம் நின்றுவிட்டது, மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்துவிட்டார்கள். தூங்குகிறேன். மறுபடி பஸ்ஸுக்குப் போகிறேன். அது துள்ளும்போது இப்போது சட்டைப் பொத்தானைச் சரிசெய்வது போலக் கையை வைத்துக்கொள்கிறேன்.

இத்துடன் ஒரு காகிதம் வருகிறது. அடுத்த ஆபரேஷன் இருக்கிறது. தொடை இடுக்கில் தோல் கொஞ்சம் கறுப்பாக இருக்குமே, அதை எடுத்து மார்பின் நடுவில் வட்டமாக ஒட்டுவார்கள். அப்போதுதான் பார்க்க மார்பு போலவே இருக்கும். அதே சமயத்தில், வேண்டுமென்றால், அந்த நரம்பையும் வெட்டிவிடலாம் என்கிறார் எய்ட்டோர். வெட்டினால் துள்ளாது. ஆனால் சதை நாளாக ஆக இளைத்துச் சின்னதாகிவிடலாம். சில பேருக்கு வெட்டிய பிறகும் துள்ளல் திரும்புமாம்.

எனக்கு மனநோய் இருப்பதால் வீட்டார் ஒருவர் கையெழுத்து வேண்டும் என்கிறது ஆஸ்பத்திரி அலுவலகம். சட்டத்தில் அப்படி இல்லை என்று சொலாஞ்சி சண்டை போடுகிறார், அவர்கள் கேட்பதாக இல்லை. உங்கள் வீட்டுக்கும் அனுப்பினார்களா என்று குஸ்தோதியாவைக் கேட்டேன். "எனக்கு எதுக்கும்மா?" என்றாள்.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு. வெட்டலாமா வேண்டாமா என்பதையும் நீயே எழுதிவிடு. எனக்கு யோசித்து யோசித்து அலுத்துவிட்டது. காலையில் ஒன்று தோன்றுகிறது, சாயங்காலம் வேறொன்று. முன்பும் நீதான் எனக்காக முடிவு செய்தாய். இதையும் செய்துவிடு.

இவனில்டே


பெலேம்
22 அக்டோபர் 1997

அன்புத் தங்கைக்கு,

மாதாவின் ஊர்வலம் முடிந்து ஊரே தூங்குகிறது. கூட்டத்தில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. மற்றபடி நாங்கள் நலம்.

காகிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போடவில்லை. பல நாள் மேசைமேல் கிடந்தது. இரண்டு முறை பேனாவை எடுத்தேன். போட்டால் உனக்குச் சுலபமாக இருக்கும் என்று தெரியும். நீ கேட்டு நான் முடியாது என்று சொல்வது இதுதான் முதல் தடவை என்பதும் தெரியும்.

உன் கடைசி வரி குத்தலா, இல்லை களைப்பா? எனக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் அது உன் மார்பு. முதுகிலிருந்து வந்திருந்தாலும் அதுவும் உன் முதுகுதான். என் பெயரை அங்கே எழுதக்கூடாது.

டாக்டருக்கும் ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். உன்னைத்தான் கேட்க வேண்டும், என்னை இல்லை என்று எழுதியிருக்கிறேன். உறையை ஒட்டவில்லை. படித்துப் பார். சரியென்று பட்டால் கொடு. இல்லையென்றால் கிழித்துப் போட்டுவிடு.

கோபம் இருந்தால் இருக்கட்டும், பதில் மட்டும் எழுது.

அக்கா டொரலீஸ்


சாவோ பாவ்லோ
16 நவம்பர் 1997

என் அக்காவுக்கு,

உன் ஆசி வேண்டும். அத்தானுக்கு என் அன்பு.

காகிதம் வெறுமையாகத் திரும்பி வந்தபோது உன்மேல் கோபம்தான் வந்தது. இரண்டு நாள் உன்னைத் திட்டிக்கொண்டே டிக்கெட் கொடுத்தேன். பிறகு உன் கடிதத்தைச் சொலாஞ்சியிடம் கொடுத்தேன். அவர் அதை அலுவலகத்துக்கு எடுத்துப் போய் என்ன பேசினாரோ, நானே கையெழுத்துப் போட்டால் போதும் என்றாகிவிட்டது.

போன வியாழக்கிழமை இரண்டு டாக்டர்களையும் ஒரே அறையில் பார்த்தேன். அப்படிப் பார்த்தது இதுதான் முதல் தடவை. தோல் ஒட்டுவதற்குச் சரி என்றேன், கையெழுத்துப் போட்டேன். டிசம்பரில் செய்கிறார்கள். பிறகு எய்ட்டோர், "நரம்பு? வெட்டலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

நான் என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். அவர் கேட்டதும் எல்லாம் போய்விட்டது. "தெரியல டாக்டர்" என்றேன். "வெட்டிடணும்னு இருக்கு. வெட்டினா அது செத்துப்போன மாதிரி ஆயிடுமோன்னும் இருக்கு. எனக்குத் தெரியல."

சொன்ன உடனேயே சொலாஞ்சியின் பேனாவைத்தான் பார்த்தேன் அக்கா. என்ன எழுதப் போகிறார் என்று. குழப்பம், தெளிவில்லை, மறுபடி மேல்மாடி. எய்ட்டோர் கடிகாரத்தைப் பார்த்தார்.

சொலாஞ்சி எழுதவில்லை. "போன வாரம் குஸ்தோதியாவும் இதத்தான் சொன்னாங்க. யோசிச்சுட்டு வாங்கன்னு அனுப்பினோம். இவங்களுக்கும் அப்படித்தான்" என்று எய்ட்டோரிடம் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அவ்வளவுதான். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். யாரும் என்னவென்று கேட்கவில்லை. அங்கே எல்லோரும் அழுகிறார்கள்.

டிசம்பரில் நீ வர முடியுமா? பள்ளிக்கூட விடுமுறைதானே. முதுகு உடைகிற பயணம், தெரியும். நரம்பைப் பற்றி உன்னிடம் பேச வேண்டும். முடிவு சொல்ல வேண்டாம், பேசினால் போதும். எனக்கு இன்னும் தெரியவில்லை.

உன் இவனில்டே